ஐந்தாம் வார்த்தை

நான் பொறாமைப்பட்டது ஒரு நோயாளியின் மேல். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும். நான் இதை அதற்காக எழுதவில்லை.

அந்த நோயாளி என் மதினி, அண்ணன் மனைவி. கடமலைக்குண்டுப் பக்கத்திலிருந்து காமயகவுண்டன்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்னைவிட இரண்டே வயது மூத்தவள் என்பதால் எங்களுக்குள் நீ, வா, போதான். கல்யாணமாகி நாலாவது வருடம் அவளுக்கு முகம் வீங்கியது, பிறகு கால் வீங்கியது. திராட்சைத் தோட்டத்தில் நாள் பூராவும் நின்றதால் என்று நினைத்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தோம். பரிசோதனை செய்து பார்த்தபோது இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் முதல் பஸ்ஸில் தேனிக்குப் போய், நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் படுத்திருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். முதலில் அண்ணன் கூடப் போனான், பிறகு அம்மா போனாள். ஒரு வருடத்துக்குப் பின் அவளே தனியாகப் போய்வரப் பழகிக்கொண்டாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா திராட்சைப் பந்தலில் கொடிகளைக் கவாத்து வெட்டுபவர். அம்மா கைநாட்டு. அண்ணன் எட்டாவதோடு நின்றுவிட்டான். நான் எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். மதினியின் ரத்தப் பரிசோதனைத் தாள்களை வாங்கி, கிரியேட்டினின் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று வீட்டுக்கு விளக்கிச் சொல்வது நான். இளநீர் குடிக்கவே கூடாது, ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது என்று அவளுடைய பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்ததும் நான். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பதும் நான்தான். தடங்கலில்லாமல் வாசிப்பேன். சபையார் அதைப் பாராட்டுவார்கள். ஒரு வாசிப்புக்கு எவ்வளவு பாராட்டு உண்டோ அவ்வளவு.

மதினிக்குக் கிடைத்தது வேறு.

டயாலிசிஸுக்காக அவளுடைய இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ஏதோ உறுமுவதுபோல் அதிரும். ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

“தேனிக்குப் போய்ப் போய்க் கைக்குள்ள தேனீ புகுந்துருச்சு அத்தை. கொட்டாது, சும்மா தொடுங்க” என்பாள் மதினி.

மாதர் சங்கத்தில் மூத்த ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். “கர்த்தரு தொட்ட கை ஆத்தா இது. ஊரான் பிள்ளையவா அப்பன் அடிப்பான்? செல்லப் பிள்ளையத்தான் அடிப்பான்.”

“அப்ப என் மேல செல்லத்தக் கொஞ்சம் கொறச்சுக்கிரச் சொல்லுங்க அத்தை.”

எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே அழுவார்கள். வேதபுத்தகத்தை மார்போடு பிடித்தபடி நான் தள்ளி நிற்பேன். கல்லூரியில் முதல் ஆறு மாதம் இங்கிலீஷில் நடத்திய பாடம் ஒரு வரிகூடப் புரியாமல் விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். அந்த அழுகையை யாரும் கர்த்தர் தொட்டது என்று சொன்னதில்லை. அதற்குப் பெயர் படிப்பு. மதினி அழவே மாட்டாள். அவளுடையதற்குப் பெயர் பாடு. இயேசுவுடையதற்கும் அதே பெயர். அந்த ஒரு சொல்லுக்குள் அவளும் அவரும் இருந்தார்கள். நான் வெளியே இருந்தேன். பாடில்லாதவள் இயேசுவுக்குச் சீஷத்தியாக முடியாதென்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு விளங்கியது.

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் சபையில் மும்மணி ஆராதனை உண்டு. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் எடுத்துத் தியானம் சொல்வார்கள். ஏழு பேரும் எப்போதும் ஆண்கள். அந்த வருடம் போதகர் ஐந்தாம் வார்த்தையை, ‘தாகம்’ என்று இயேசு சொன்னதை, ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப் போவதாக அறிவித்தார். சபையில் பல பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று மாலையே மனதுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

போதகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் காபி எடுத்துக்கொண்டு வருவதற்குள் மதினியிடம் கேட்டு முடித்திருந்தார்.

“ஐயா, எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்” என்று மதினி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வாசிக்க வேணாம்மா. சொன்னாப் போதும். ஒங்க நாத்தனாரு எழுதிக் குடுப்பாக, மனப்பாடம் பண்ணிக்கோங்க.” பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். “நீங்க எதையும் படிச்சுச் சொல்லிருவீக டீச்சர். இவுக பட்டுச் சொல்லுவாக.”

நல்ல மனிதர். அவர் சொன்னதில் ஒரு முள்ளும் இல்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாக இறங்கியது.

நாலு பக்கம் எழுதினேன். வேண்டுமென்றே கடினமாக எழுதினேன். அவள் திணறுவாள், கடைசியில் தாளை என்னிடமே திருப்பித் தருவாள் என்று நினைத்துத்தான் எழுதினேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து, ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். தண்ணீரைக் குடித்தால் உடனே தீர்ந்துவிடும், ஐஸாக இருந்தால் கொஞ்ச நேரம் நிற்கும் என்று அவளே கண்டுபிடித்த வழி அது.

“ஏ டீச்சரு, இதென்ன, பரி... பரிகாரப் பலியின் பரிபூரணத்துவம்? இதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு நாக்கு வறண்டுரும்.”

“வறளட்டும். அதான ஐந்தாம் வார்த்தை” என்றேன்.

அவள் சத்தமாகச் சிரித்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன்.

“சரி, ஆத்தும தாகம்னு போட்டிருக்கியே, அதென்ன?”

“ஆண்டவர் கேட்டது தண்ணிக்கு இல்ல. நம்ம ஆத்துமாவுக்காக ஏங்குனாரு. எல்லாரும் அப்படித்தான் பிரசங்கம் பண்ணுவாக.”

ஐஸை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். “அவுகளுக்கெல்லாம் பக்கத்துல டம்ளர்ல தண்ணி இருந்திருக்கும்.”

“என்ன சொல்ற?”

“தண்ணிக்குத்தான் கேட்டிருக்காரு. காலையிலருந்து வெயில்ல தொங்குற ஆளு. ரத்தம் போயிருக்கு. நாக்கு மேல ஒட்டிக்கிரும்டி, பேச்சே வராது. எனக்குத் தெரியாதா? ஆத்துமாவுக்குன்னா அப்புறம் எதுக்குக் காடி குடுத்தாக?”

எங்கள் ஊரில் காடி என்றால் மாட்டுக்குத் தொட்டியில் ஊற்றி வைக்கும் புளித்த தண்ணீர். அரிசி கழுவியது, கஞ்சி வடித்தது எல்லாம் சேர்ந்து புளித்துக் கிடக்கும். மதினி இத்தனை வருடமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம்.

“ஐயோ மதினி, அது மாட்டுக்கு வைக்கிற காடி இல்ல. வேதத்துல காடின்னா வினிகர். புளிச்ச திராட்சை ரசம். அசிட்டிக் அமிலம்.”

“ஆசிட்டா?”

“லேசான ஆசிட்.”

“போடீ. ஓடிப்போய்க் குடுத்தவன் ஆசிட்டா குடுப்பான்? அவன் தனக்குன்னு கொண்டாந்து வச்சிருந்ததக் குடுத்திருக்கான். புளிச்சா என்ன, மாடு எம்புட்டு ஆசையாக் குடிக்கும் தெரியுமா? அங்கன நின்ன கூட்டத்துல அவன் ஒருத்தனுக்குத்தான் கால் இருந்திருக்கு. எனக்கு அவனப் பிடிச்சிருக்கு.”

ஐஸ் கரைந்துவிட்டிருக்க வேண்டும். பிறகு சொன்னாள்:

“என்னையப் பாக்குற ஆளெல்லாம் பொறுத்துக்கோ, பொறுத்துக்கோங்காக. அவரு வாய மூடிக்கிட்டாப் பொறுத்துக்கிட்டாரு? வேணும்னு கேட்டாருல்ல. கொல்ல வந்தவங்கிட்டயே கேட்டாருல்ல. கேக்குறது பாவம் இல்லன்னு சொல்லப் போறேன். அம்புட்டுத்தான். நீ எழுதுனத நீயே வச்சுக்கோ.”

தாளை அவள் திருப்பித் தந்தாள். நான் நினைத்தபடியே தந்தாள். ஆனால் கையில் வாங்கியபோது அது வெறும் தாளாக இருந்தது. தாகம் ஏன் எடுக்கிறது, ரத்தத்தில் உப்பு கூடினால் மூளைக்கு எப்படிச் சேதி போகிறது என்று நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். ஐந்தாம் வார்த்தையைச் சிறு வயதிலிருந்து ஒவ்வொரு பெரிய வெள்ளியும் கேட்டிருக்கிறேன். அவர் கேட்டார் என்ற ஒரு விஷயம் எனக்குத் தட்டுப்படவே இல்லை. தவறான காடியைப் பிடித்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்த இடத்துக்குச் சரியான காடியோடு நான் போகவில்லை. நோய்க்காகத்தான் அவள்மேல் பொறாமை என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அவள் அறிவின் மேலும் வந்துவிட்டது. என்னிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

அந்தப் பெரிய வெள்ளி அவளுக்கு டயாலிசிஸ் நாள். வேறு நாளுக்கு மாற்றித் தர இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வழக்கம்போல் முதல் பஸ்ஸில் போனால் பத்தரைக்கு முடிந்துவிடும், ஐந்தாம் வார்த்தை எப்படியும் இரண்டு மணிக்கு நெருங்கித்தான் வரும், வந்து சேர்ந்துவிடலாம் என்பது அவள் திட்டம். எட்டு மணிக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். அவள் வாட்ஸ்அப்பில் எழுத மாட்டாள், பேசித்தான் அனுப்புவாள். ஒரு மெஷின் பழுதாகிவிட்டது, இப்போதுதான் படுக்கை கிடைத்தது, எப்படியும் வந்துவிடுவேன் என்றாள். நான் போதகரிடம் சொன்னேன். “வரலன்னா நீங்க தயாரா இருங்க டீச்சர்” என்றார்.

நாலாம் வார்த்தையைப் போதகர் பேசிக்கொண்டிருந்தபோது மடியில் போன் அதிர்ந்தது. பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே போய் வேப்பமர நிழலில் நின்று காதில் வைத்தேன். பஸ் ஸ்டாண்டுச் சத்தம். நடுவில் அவள் குரல், கட்டிப்போயிருந்தது.

“ஏ பிள்ள, கம்பத்துல எறங்கிட்டேன். ஒங்கண்ணன் பைக்க வச்சுக்கிட்டு நிக்காக. பத்தே நிமிசம். ஐயாட்டச் சொல்லி ஒரு பாட்டு கூடப் போடச் சொல்லு.”

உள்ளே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். போதகர் முடித்து ஜெபம் செய்தார். கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஒரு பாட்டு. லெந்து என்கிற தவக்காலத்துப் பாட்டுகளில் எதற்கும் ஐந்து சரணத்துக்குக் குறைவில்லை. நான் தலையை இல்லை என்று அசைத்தேன். அவள் இன்னும் வரவில்லை. அந்த அளவில் அது பொய்யும் இல்லை. போதகர் என்னை முன்னால் வரச் சொல்லிக் கை காட்டினார்.

எழுதிய நாலு பக்கத்தையும் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

அவள் சொன்னதைச் சொன்னேன். தண்ணீருக்குத்தான் கேட்டார் என்றேன். நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும் என்றேன், ஒட்டிப் பழகியவளைப் போல. காடியைச் சொன்னேன், மாட்டுத் தொட்டியையும் சொன்னேன். கூட்டத்தில் ஒருவன் ஓடினான் என்றேன். கேட்பது பாவமில்லை என்றபோது என் குரல் நான் கேட்காமலே நடுங்கியது. பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. சபை மூப்பர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். அது யாருடைய யோசனை என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்குக் குற்ற உணர்ச்சி வந்ததென்று எழுதினால் அழகாக இருக்கும். வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கையை நீட்டி, பாடு என்ற அந்தச் சொல்லுக்குள் நானும் நுழைந்துவிட்டதுபோல் இருந்தது.

என் பேச்சின் முடிவு ஜெபத்துக்குத் தலை குனியும்போதுதான் வாசலைப் பார்த்தேன். மதினி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பைக்கில் வந்ததில் தலைமுடி பறந்திருந்தது. கையில் பஞ்சுப் பிளாஸ்திரி.

ஆராதனை முடிந்ததும் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மாதர் சங்கத்து அம்மா என் இரண்டு கையையும் பிடித்தார். “படிச்ச பிள்ள படிச்ச பிள்ளதான். ஒங்க மதினி படுறத அப்படியே கண்ணு முன்னால நிப்பாட்டிட்டியே ஆத்தா.”

“ஆமா அத்தை, நல்லாச் சொன்னா” என்றாள் மதினி. அவள் பக்கத்திலேயே நின்றாள். அவள் கையை அன்று யாரும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். “இது என்ன கலரு?”

“எது?”

“இந்த மைக்குப் படம். நீலமா இருக்கா? நீலம்னா கேட்டாச்சுன்னு அர்த்தம். கேக்கலைன்னு ஒங்கண்ணன் பொய் சொல்லும்போதெல்லாம் இத வச்சுத்தான் பிடிப்பேன்.”

எழுத்துக் கூட்டி வாசிப்பவள்.

“பஸ்ஸுல பூராம் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன்டி. பக்கத்துல இருந்த அம்மா பைத்தியம்னு நெனச்சு எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிருச்சு. ஒனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, பேரு இருக்கு, டீச்சரு டீச்சருன்னு கூப்பிட ஊரு இருக்கு. எனக்கு இந்தக் கையும் அந்த வார்த்தையும்தான் இருந்துச்சு. ஏன், கைய எடுத்திருக்க வேண்டியதுதான?”

“மன்னிச்சிரு மதினி.”

“மன்னியும்னு அவரு கேட்டது மொத வார்த்தை. அதுக்கு வேற ஆளு பேசிட்டாக” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு மாதத்துக்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள். பரிசோதனைத் தாளை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டுப் போவாள். நான் அண்ணனிடம் விளக்குவேன், அவள் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொள்வாள். நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். போதகரிடம் போய் அழுதிருந்தால், நாலு பேரிடம் என்னைத் திட்டியிருந்தால், அவளும் என்னைப்போல் ஒருத்திதான் என்று எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்; என் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன். என்னால் அவளுக்கு வந்த பாடு, அதிலும் எனக்குப் பங்கில்லாமல் போயிற்று. பேசத் தொடங்கியபோது, “உப்பு எம்புட்டுப் போட்ட?” என்று ரசத்தைப் பற்றித்தான் தொடங்கினாள்.

அடுத்த வருடம் போதகர் மறுபடியும் வந்தார். ஐந்தாம் வார்த்தையை இந்தத் தடவை மதினிதான் சொல்ல வேண்டும், டயாலிசிஸ் நாளையும் முன்கூட்டியே மாற்றிவிடலாம் என்றார்.

“ஐந்தாவது வேணாம்யா. அதச் சொல்லியாச்சு” என்றாள் மதினி. என்னைப் பார்க்கவில்லை. “நாலாவது குடுங்க.”

என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று இயேசு கேட்பது நாலாம் வார்த்தை. எந்த வருடமும் போதகர் அதை வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. ஒருவரும் கேட்டதும் இல்லை. அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“அது கஷ்டமான வார்த்தைம்மா. பிரசங்கிமாரே பயப்படுவாக.”

“தெரியும்யா. அதான் கேக்குறேன்.”

அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். எழுதித் தரட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

பெரிய வெள்ளி அன்று அவள் நடந்துபோய் ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். கையில் தாள் இல்லை.

“ஏன் கைவிட்டீருன்னு கேட்டாரு” என்றாள். “மேலருந்து பதில் வரல. இங்கன நிறையப் பேரு எனக்குப் பதில் சொல்றீக. செல்லப் பிள்ளைங்கிறீக, சோதனைங்கிறீக. நல்லதுக்குத்தான் சொல்றீக, எனக்குத் தெரியும். இனிமே சொல்ல வேணாம். அவருக்கே யாரும் சொல்லல. கேட்டாரு, பதில் வராமலேயே அவருகிட்டதான் உயிர ஒப்படைச்சாரு. நானும் கேக்குறேன். கேட்டுட்டுச் செவ்வாக்கிழமை தேனிக்குப் போவேன். அம்புட்டுத்தான்.”

ஜெபம் செய்ய மறந்து இறங்கி வந்தாள்.

யாரும் அழவில்லை. மாதர் சங்கத்து அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபை மூப்பருக்கு அது பிடிக்கவில்லை என்பது அவர் கழுத்திலேயே தெரிந்தது. பாராட்டு இல்லாத இடத்தில் பொறாமைக்கு வேலை இருக்கக் கூடாது. ஆனால் எனக்கு அதற்கு முன்னால் வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்னும்படி வந்தது. கண்ணீர் வர வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். எல்லாருடைய பதிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, யார்மேல் புகாரோ அவரிடமே போய் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. அதை அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளவும் முடியாது. எடுத்துக்கொண்டு போய் நான் எங்கே நிற்பேன்?

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

“எம்புட்டு நேரம் பேசுனேன்?” என்று காதோடு கேட்டாள்.

“ஒரு நிமிசங்கூட ஆகல.”

“நீ பதினெட்டு நிமிசமாம்ல. ஐயா சொன்னாக.”

போதகர் ஐந்தாம் வார்த்தைக்கு ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்தார். யாரை என்று நான் கவனிக்கவில்லை.